தையில் கல்யாணம், அதற்குள் ஹைப்போஸ்பேடியாஸ் ஆபரேஷனை முடித்துவிடலாமா?

வாசகரின் கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன்.

வயது 29. மேற்கு மாவட்டம் ஒன்றில், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது, தையில் கல்யாணம். பிறந்ததிலிருந்தே அவருக்குச் சிறுநீர்த் துவாரம் ஆணுறுப்பின் நுனியில் இல்லை. அடிப்பக்கத்தில், மொட்டு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. முன்தோல் மேல்பக்கம் மட்டும் உண்டு. நின்று சிறுநீர் கழித்தால் கால்சட்டையில் தெறிக்கிறது என்பதால் கம்பெனியிலும் உட்கார்ந்து போகும் கழிப்பறையைத்தான் தேடுகிறார். விறைக்கும்போது உறுப்பு கீழ்நோக்கி வளைகிறது. “கொஞ்சமா, அதிகமா என்று எனக்கே தெரியவில்லை” என்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. லாட்ஜில் முகாம் போடும் ஒருவரிடம் காட்டியதில், கைப்பழக்கத்தால் வந்தது என்று சொல்லி 18,000 ரூபாய்க்கு லேகியம் கொடுத்திருக்கிறார். முன்தோலை எடுத்துவிட்டால் நேராகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். பிறகு பார்த்த சிறுநீரகவியல் மருத்துவர் சீட்டில் ஹைப்போஸ்பேடியாஸ் (துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருப்பது), கார்டீ (கீழ்நோக்கிய வளைவு) என்று எழுதி, “ஆபரேஷன் செய்துகொள்ளலாம், செய்யாமலும் இருக்கலாம்” என்றாராம். இணையத்தில் ஒரு வீடியோ “லேசரில் ஒரே நாளில்” என்கிறது. கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிடலாமா, குழந்தை பிறக்குமா, பெண்ணிடம் சொல்ல வேண்டுமா, மகனுக்கும் வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

அந்த மருத்துவர் உங்களைக் கைகழுவிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் விவரித்திருக்கும் நிலையில் அதுதான் நேர்மையான பதில்; ஓ.பி. நெரிசலில் அதை விளக்க அவருக்கு நேரம் இல்லாமல் போயிருக்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். எதுவானாலும், கல்யாண முகூர்த்தத்தைக் கணக்கில் வைத்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்காதீர்கள்.

லேகியத்தை இன்றோடு நிறுத்துங்கள். கைப்பழக்கத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாயின் வயிற்றில் ஏறக்குறைய 8வது வாரத்திலிருந்து 16வது வாரத்துக்குள், ஆண் கருவின் சிறுநீர்க்குழாய் அடியிலிருந்து நுனியை நோக்கி ஜிப் இழுப்பதுபோல மூடிக்கொண்டே வர வேண்டும். அது வழியில் நின்றுவிட்டால், நின்ற இடத்திலேயே துவாரம் தங்கிவிடும். 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. நீங்கள் பிறப்பதற்கு ஐந்தாறு மாதம் முன்பே முடிந்துபோன விஷயம் இது. உங்கள் அம்மா கர்ப்ப காலத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடிவதில்லை.

முன்தோல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அதை யாரும் வெட்ட விடாதீர்கள். வளைவுக்கு முன்தோல் காரணமே இல்லை. புதிதாகக் குழாய் அமைக்கவோ, அமைத்த குழாயை மூடவோ மிக நல்ல தோல் அதுதான். ஹைப்போஸ்பேடியாஸ் இருப்பதைக் கவனிக்காமல் முன்தோலை நீக்கிவிட்டு வருபவர்களுக்குக் கன்னத்தின் உட்சவ்வை எடுத்து ஒட்ட வேண்டிய நிலை வருகிறது. உங்களிடம் அது வெட்டப்படாமல் இருக்கிறது, நல்லதுதான்.

துவாரத்தைவிட வளைவுதான் முக்கியம்

நீங்கள் துவாரத்தின் இடத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், வளைவைப் பற்றி மூன்று வரி. நானாக இருந்தால் மாற்றி எழுதியிருப்பேன். 1995ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், வேறு நோய்களுக்காக மருத்துவமனைக்கு வந்த 500 ஆண்களின் துவாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். பாடப்புத்தகத்தில் சொல்லும் இடத்தில் இருந்தது 55 சதவீதம் பேருக்குத்தான். 13 சதவீதம் பேருக்கு லேசானதாவது ஹைப்போஸ்பேடியாஸ் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, தங்களுக்கு ஒரு குறை இருப்பதே தெரியாமல் வாழ்ந்தவர்கள். துவாரம் நுனியில் இல்லை என்பது மட்டுமே கத்தி வைக்கக் காரணம் ஆகாது.

வளைவு அப்படியல்ல. உடலுறவு இயலுமா, வலிக்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 30 டிகிரிக்கும் குறைவான வளைவு பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. 30க்கு மேல் போகப்போக உள்ளே செலுத்துவது சிரமமாகும். 60ஐத் தாண்டினால் பலருக்கு இயலாமலே போகும். மருத்துவர் உங்களைப் பரிசோதிக்கும்போது விறைப்பு இருக்காது. அதனால் நீங்கள்தான் ஆதாரம் கொண்டுபோக வேண்டும். முழு விறைப்பில் பக்கவாட்டிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, நேர் எதிரிலிருந்து ஒன்று என மூன்று படம் எடுங்கள். முகமோ அறையோ தெரிய வேண்டாம். எடுப்பதற்கு முன் போனில் போட்டோக்கள் தானாக பேக்கப் ஆவதை நிறுத்திவிடுங்கள். குடும்பத்தோடு பகிர்ந்த கணக்கில் இந்தப் படம் போய் உட்கார்ந்து சங்கடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டுப் படத்தில் தண்டின் அடிப்பகுதி போகும் திசைக்கு ஒரு கோடு, நுனிப்பகுதி போகும் திசைக்கு ஒரு கோடு போட்டால், இரண்டுக்கும் இடையிலான கோணம்தான் வளைவு. பள்ளிக்கூடத்துப் பாகைமானி போதும்.

அடுத்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

இவை ஆபரேஷனுக்காக மட்டுமல்ல. ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானாலும் இவை தெரிந்திருப்பது நல்லது.

சிறுநீர் வேகப் பரிசோதனையை யூரோஃப்ளோ என்பார்கள். 150 மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் சேர்ந்த பிறகு கருவி பொருத்திய பாத்திரத்தில் கழிக்க வேண்டும். உச்ச வேகம் வினாடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்து, வரைபடம் ஏறி இறங்கினால் பாதையில் அடைப்பில்லை. மேலே ஏறாமல் தட்டையாக இழுத்துக்கொண்டே போனால் துவாரம் சுருங்கியிருக்கலாம். இப்படிப்பட்ட சிலருக்கு, தெறிப்பதற்குக் காரணம் துவாரம் கீழே இருப்பதல்ல, ஊசிமுனை அளவுக்குச் சிறுத்திருப்பது. அதைச் சற்று அகலப்படுத்தும் சின்னச் சிகிச்சையே அவர்களுக்குப் போதும். கூடவே, கழித்த பின் சிறுநீர்ப்பையில் மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். கிருமி இருக்கிறதா என்று அறியச் சிறுநீர் கல்ச்சரும் எடுப்பார்கள்.

இரண்டு விரைகளும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று இறங்காமல் இருந்தால் கதை வேறு; ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. மொட்டிலோ துவாரத்தைச் சுற்றியோ வெள்ளையாக, தடித்த தழும்பு போன்ற திட்டு இருந்தால் அதைத் தவறாமல் காட்டுங்கள். லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்ற தோல்நோயாக அது இருக்கலாம். அது இருக்கும்போது அந்தத் தோலில் குழாய் அமைத்தால் மறுபடியும் சுருங்கும்.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை அந்தத் தாளில் இருக்கும். விந்தணு உற்பத்தியாவது விரையில். துவாரம் எங்கே இருக்கிறது என்பது அதைப் பாதிக்காது. மீதிப் பாதி, விந்து போய்ச் சேரும் இடம் சரியா என்பது. மொட்டை ஒட்டித் துவாரம் இருப்பவர்களுக்கு விந்து யோனிக்குள்ளேயே விழும். துவாரம் விரைப்பைக்கு அருகில் இருப்பவர்களுக்குத்தான் அது வெளியே சிந்துவதால் சிக்கல் வருகிறது. அவர்களுக்கும் விந்தைச் சேகரித்துக் கருப்பையில் செலுத்தும் எளிய சிகிச்சை உண்டு. “எனக்குக் குழந்தையே பிறக்காதாம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொன்னவர் லேகியம் விற்கிறவர் என்பதை மறக்க வேண்டாம்.

ஆபரேஷன் என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்

லேசரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது இல்லாத குழாயைத் தோலிலிருந்து உருவாக்கி, நூலால் தைத்து, மேலே வேறு அடுக்கு போட்டு மூடும் வேலை. லேசர் எதையும் தைக்காது. ஒரே நாளில் முடியும் என்ற விளம்பரத்தைக் கண்டால் அங்கே போகாமல் இருப்பதே நல்லது.

மயக்கம் கொடுத்த பிறகு தோலை அடிவரை உரித்துவிட்டு, உப்புநீரை உறுப்புக்குள் செலுத்திச் செயற்கை விறைப்பை உண்டாக்குவார்கள். வளைவு உண்மையில் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். சிலருக்குத் தோலை விடுவித்ததுமே பாதி நேராகிவிடும். மீதி வளைவு 30 டிகிரிக்குள் இருந்தால் மேல்பக்கத்தில், நரம்புகள் இல்லாத நடுக்கோட்டில், சில தையல்கள் போட்டு மடித்து நேராக்குவார்கள். இதற்குப் பிளிகேஷன் என்று பெயர். நீளம் மிகச் சிறிதளவு குறையும். முடிச்சுகள் கையில் தட்டுப்படலாம். உறுப்பு பெரிதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. நேரானதும் நீளமாகத் தோன்றலாம், அவ்வளவுதான்.

வளைவு குறைவு, அடிப்பக்கத் தோல்பட்டை அகலமாகவும் மிருதுவாகவும் இருக்கிறது என்றால் ஒரே கட்டத்தில் முடிக்கலாம். 1994ல் ஸ்னாட்கிராஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறைதான் இன்று பரவலாக நடக்கிறது. துவாரத்திலிருந்து நுனிவரை உள்ள பட்டையை நடுவில் நீளவாக்கில் கீறினால் அது இரண்டு பக்கமும் விரிந்துகொடுக்கும். அதைச் சிலிகான் கதீட்டர் (சிறுநீர் டியூப்) மேல் சுருட்டித் தைத்து, முன்தோலுக்கு அடியிலிருந்து ரத்த ஓட்டமுள்ள சவ்வு ஒன்றைக் கொண்டுவந்து தையல்மேல் போர்த்தி, அதன்மேல் மொட்டின் இரு பாதிகளையும் சேர்ப்பார்கள். நடுவில் போர்த்தும் அந்தச் சவ்வில் மிச்சம் பிடித்தால் பின்னால் ஓட்டை விழும். எத்தனை அடுக்கு போட்டார்கள் என்று உங்கள் சர்ஜனிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

வளைவு கடுமையாக இருந்தாலோ, பட்டை ஒல்லியாகவும் விறைப்பாகவும் இருந்தாலோ, இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வளைவை நேராக்கி, முன்தோலின் உட்பகுதியையோ கன்னத்தின் உட்சவ்வையோ எடுத்து அடிப்பக்கத்தில் ஒட்டுப்போட்டுவிட்டு, அது ஊறி மிருதுவாக 6 மாதம் காத்திருக்க வேண்டும். பிறகுதான் அதைச் சுருட்டிக் குழாயாக்குவார்கள். பிரிட்டனின் பிராக்கா பிரபலப்படுத்திய முறை இது. இடைப்பட்ட ஆறு மாதமும் துவாரம் இன்னும் கீழேதான் இருக்கும், உட்கார்ந்துதான் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முன்தோலைக் குழாயாக்கி ஒரே கட்டத்தில் முடிக்கும் வழியை 1971லேயே நம் ஆக்ராவைச் சேர்ந்த அசோபா எழுதினார். ஆனால் பெரியவர்களுக்கு, அதுவும் வளைவு அதிகமுள்ளவர்களுக்கு, நான் இரண்டு கட்டத்தைத்தான் பாதுகாப்பானதாகக் கருதுகிறேன்.

கன்னத்து உட்சவ்வு என்றதும் ஒன்று கேட்க வேண்டும். பாக்கு, ஹான்ஸ், மாவா எதையாவது வாயில் ஒதுக்கும் பழக்கம் உண்டா? உண்டென்றால் இன்றே நிறுத்துங்கள். அந்தச் சவ்வு வெளுத்து விறைத்துப்போய், வாயைத் திறப்பதே சிரமமாகிவிட்டவர்களிடமிருந்து ஒட்டு எடுக்க முடியாது. சிகரெட்டும் அப்படியே. நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஒட்டுப்போட்ட தோல் செத்துப்போக அது போதும். குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்த பிறகே தேதி.

பெரியவர்களுக்கு ஏன் சிக்கல் கூடுதல்

இந்த ஆபரேஷனுக்கு ஏற்ற வயது 6 மாதத்திலிருந்து 18 மாதம். அந்த வயதில் துவாரம் நுனிக்கு அருகில் உள்ள குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒரே தடவையில் சரியாகிவிடும். பெரியவர்களுக்கு அந்த அளவு எதிர்பார்க்க முடியாது. இரவில் தூக்கத்தில் பல முறை தானாக வரும் விறைப்பு பச்சைத் தையலை இழுக்கும். பருவம் வந்த தோலில் எண்ணெய்ச் சுரப்பியும் முடியும் கிருமியும் அதிகம். காயமும் பெரிது, புண் ஆற எடுக்கும் நாளும் கூடுதல். முன்பே ஆபரேஷன் நடந்து தோற்றவர்களுக்குத் தழும்பும் சேர்ந்துகொள்ளும். உங்களுக்கு அது முதல் தடவை என்பதால் அந்தச் சுமை இல்லை.

என்னென்ன கோளாறு வரலாம்? அதிகம் வருவது ஃபிஸ்டுலா: தையல் வழியே பக்கத்தில் ஓர் ஓட்டை விழுந்து, சிறுநீர் இரண்டு தாரையாக வரும். மிகச் சிறியது முதல் சில வாரத்தில் தானே மூடிக்கொள்ளலாம். மூடாவிட்டால் மறுபடி தைக்க வேண்டும். ஆனால் 6 மாதம் கழித்துத்தான். வீக்கம் வடிவதற்குள் தைத்தால் மறுபடி பிரியும். அடுத்து, புதிய குழாயோ துவாரமோ சுருங்குவது. தாரை மெலிந்துகொண்டே போவதும் முக்க வேண்டியிருப்பதும் அதன் அறிகுறி. மொட்டின் தையல் பிரிந்து துவாரம் பழைய இடத்துக்கே பின்வாங்குவதும் உண்டு. சிலருக்குக் குழாய் பை மாதிரி உப்பி, கழித்து முடித்த பிறகும் சொட்டும். அடியில் விரலால் அழுத்தி வெளியேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். முடி முளைக்கும் தோலில் குழாய் அமைத்தால் குழாய்க்குள்ளும் முடி வளரும், அதில் கல் படியும். விரைப்பைத் தோலைப் பயன்படுத்தப் போவதாக யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரம். ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் டியூபோடு 10 முதல் 14 நாள். வீக்கம் வடிய ஆறு வாரம். உடலுறவுக்கு ஆறு வாரமாவது, பிளிகேஷன் செய்திருந்தால் அல்லது காயம் ஆறத் தாமதமானால் மூன்று மாதம் வரை, காத்திருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே தை மாதம் இடுக்கிப் பிடிக்கும். ஓர் ஓட்டை விழுந்துவிட்டால், மறு தையலுக்கான ஆறு மாத இடைவெளியின் நடுவில் கல்யாணம் வந்து நிற்கும். இரண்டு கட்டம் தேவை என்றானால் பேச்சே இல்லை.

ஆகவே என் யோசனை இது. வளைவு 30 டிகிரிக்குள், சிறுநீர் வேகமும் சரி என்றால் தையில் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் வேண்டுமா என்பதை ஒரு வருடம் கழித்து நீங்கள் இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். நின்று கழிக்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் ஆசையாக இருந்தாலும் அது நியாயமான ஆசைதான். ஆனால் அவசரமான ஆசை அல்ல. வளைவு 60 டிகிரிக்கு அருகில் என்றால், ஆபரேஷனை முன்னால் இழுக்காமல் கல்யாணத்தைப் பின்னால் தள்ளுங்கள். இடையில் இருந்தால், மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு.

டியூபோடு இருக்கும் நாட்கள்

எப்போது செய்துகொண்டாலும் இந்த இரண்டு வாரம்தான் பாடாய்ப்படுத்தும். கட்டு மூன்று முதல் ஐந்து நாள் இருக்கும். உறுப்பை வயிற்றின் மேல் நிமிர்த்திவைத்து டியூபை அடிவயிற்றில் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். தொடையில் ஒட்டித் தொங்கவிட்டால் அதன் எடை அடிப்பக்கத் தையலை, அதாவது புதிய குழாயையே, கீழே அழுத்தும். டியூபோடு இணைத்த, சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். தரையைத் தொடக் கூடாது. நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர். தளர்வான வேட்டியோ லுங்கியோ நல்லது.

அடிவயிறு திடீரென இறுகி, டியூபைச் சுற்றிச் சிறுநீர் கசிந்தால் பயப்பட வேண்டாம். சிறுநீர்ப்பை சுருங்கித் துடிக்கிறது. சொலிஃபெனசின், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரை தருவார்கள். அந்த மாத்திரை மலத்தைக் கட்டும், முக்கினால் தையல் பிரியும். ஆகவே லாக்டுலோஸ் சிரப்பும் கூடவே வேண்டும். இரவு விறைப்பை முழுமையாக நிறுத்தும் மாத்திரை இல்லை. விறைப்பு வந்தால் எழுந்து நடப்பது, படுக்குமுன் தண்ணீரைக் குறைப்பது, போனை எட்ட வைப்பது இவைதான் கைகொடுக்கும். ஹார்மோன் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கன்னத்தில் ஒட்டு எடுத்திருந்தால் சில நாள் இட்லி, தயிர்சாதம், ஆறின கஞ்சி. காரமும் சூடும் வேண்டாம். வாய் இறுகுவது சில வாரத்தில் சரியாகும்.

டியூபில் மூன்று மணி நேரம் சிறுநீரே வராமல் வயிறு உப்பினாலோ, காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, மொட்டு கருநீலமானாலோ உடனே போக வேண்டும். டியூப் தவறி வெளியே வந்துவிட்டால், அருகிலுள்ள எமர்ஜென்சியில் வேறு டியூபைச் செருக விடாதீர்கள். தெரியாமல் செருகினால் புதுக் குழாயைக் குத்திப் பிரித்துவிடும். சர்ஜனின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். அவசரமென்றால் அடிவயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பைக்குத் தனி டியூப் போடும் வழி உண்டு. வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் போகலாம், டூவீலர் மட்டும் ஆறு வாரம் வேண்டாம்.

பெண்ணிடமும் வீட்டிலும்

நீங்கள் வயது வந்தவர். உங்கள் கையெழுத்து மட்டும் போதும்; உங்கள் நோய் விவரத்தை மருத்துவர் உங்கள் பெற்றோரிடமோ பெண் வீட்டாரிடமோ உங்கள் அனுமதியின்றிச் சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷன் அன்று துணைக்கு ஒருவர் வேண்டியிருக்கும். நம்பிக்கையான அண்ணனோ நண்பனோ இருந்தால் நல்லது.

கல்யாணப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்பதே என் கருத்து. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை, பெரியவர்கள் வழியாகவும் வேண்டாம், அவரிடம் நீங்களே. பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு சொல்லுங்கள். “எனக்குப் பிறவியிலேயே சிறுநீர் வரும் துவாரம் கொஞ்சம் இடம் மாறி இருக்கு. டாக்டரிடம் காட்டிட்டேன். குழந்தைக்குப் பிரச்சினை இல்லைன்னு சொல்லியிருக்கார். நீங்களும் அவரிடம் பேசணும்னா கூட்டிட்டுப் போறேன்” என்ற அளவு போதும். இந்து திருமணச் சட்டத்தின் 12வது பிரிவில் ஆண்மையின்மை, முக்கிய விஷயத்தை மறைத்து ஏமாற்றுதல் இரண்டும் திருமணத்தை ரத்துச் செய்யக் கேட்கும் காரணங்களாக இருக்கின்றன. ஹைப்போஸ்பேடியாஸ் ஆண்மையின்மை அல்ல. இருந்தாலும் வளைவு கடுமையாக இருந்து, அதை மறைத்து மணம் முடித்தால், வீண் வழக்குக்கு இடம் கொடுத்ததாகும். இதற்கு மேல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

செலவு பற்றி: கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸை நம்பித் தேதி வாங்கிவிடாதீர்கள். பல பாலிசிகளில் ‘வெளிப்புறப் பிறவிக் குறை’ விலக்கப்பட்டிருக்கும், இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறுநீரகவியல், பிளாஸ்டிக் சர்ஜரி இரண்டு துறைகளிலும் இது நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். எங்கே போனாலும் மூன்று கேள்வி: வருடத்துக்கு எத்தனை பெரியவர்களுக்கு இதைச் செய்கிறீர்கள்? எனக்கு ஒரு கட்டமா, இரண்டா, ஏன்? ஓட்டை விழுந்தால் நீங்களே சரிசெய்வீர்களா? முதல் கேள்விக்கே முகம் சுளிப்பவரிடம் செய்துகொள்ள வேண்டாம்.

கடைசிக் கேள்வி மகனைப் பற்றியது. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வர மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல்தான். ஆனாலும் பத்தில் ஒருவர் என்ற அளவை ஒட்டித்தான் இருக்கும், பெரும்பாலான மகன்கள் சாதாரணமாகவே பிறக்கிறார்கள். பையன் பிறந்தால் பிரசவ வார்டிலேயே குழந்தை மருத்துவரிடம் “எனக்கு ஹைப்போஸ்பேடியாஸ் உண்டு, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். முன்தோல் மேலே மட்டும் இருந்தால், துவாரம் எங்கே என்று கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருப்பது உறுதியானால் ஆறு மாதம் ஆனதும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை முன்தோலில் யாரும் கை வைக்க வேண்டாம்.